பறையைச் சொல்லிக்கொடுங்கள், பையனைக் காட்டிக்கொடுக்காதீர்கள்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை நான். ஆண்டு விழாவுக்குப் பறையாட்டம் பழக்க ஆசை. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாத்தா பறைக் கலைஞர். "நீதான் முன்னால் நிற்கணும்" என்று வகுப்பில் அவனிடம் சொன்னேன். அன்றிலிருந்து பயிற்சிக்கே வருவதில்லை. நான் செய்தது தவறா?

பதில்: நோக்கம் சரிதான் டீச்சர், சொன்ன இடம்தான் தவறு. நாற்பது பேர் நடுவில் நீங்கள் பாராட்டாகச் சொன்னது அவன் காதில் சாதிப் பெயராக விழுந்திருக்கும். சாவு வீட்டில் தாத்தாவை எங்கே நிற்க வைப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

முதலில் அவனை விட்டுவிடுங்கள், சமாதானப்படுத்தக்கூட வேண்டாம். வகுப்பு முழுவதற்கும் பறையை ஆரம்பியுங்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வம், உணவு, மரம் என்று அடுக்கும்போது பறையையும் சேர்த்தே சொல்கிறது. 2025-இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்ததையும் சொல்லுங்கள். சொல்லும்போது அந்தப் பையன் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

அப்புறம் தாத்தாவிடம் போங்கள். ஆள் அனுப்பாமல் நீங்களே போய், சம்பளம் பேசி, ஆசானாக அழையுங்கள். ஒரு பள்ளியில் வயதான ஆசானை அலுவலக வாசலில் நிற்கவிட்டு எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது?

அவர் வரமாட்டேன் என்றால்? இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். "இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்" என்று பறையைப் பரணில் ஏற்றிய குடும்பங்கள் உண்டு. பல ஊர்களில் அது போராடி எடுத்த முடிவு, அதற்காக அடிபட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "கலையை அழிய விடலாமா" என்று உபதேசம் செய்யாதீர்கள். அதே தெருவில் பறையை விடுதலை இசையாகக் கையில் எடுத்தவர்களும் உண்டு. ஒரே வீட்டில் அண்ணன் மேடையில் அடிப்பார், தம்பி தொடவே மாட்டார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கும்பிட்டுவிட்டு வேறு ஆசானைத் தேடுங்கள்.

தேடும்போது 'ஒருங்கிணைப்பாளர்'களிடம் சிக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் பள்ளிகள் கேட்பதில்லை. மூன்று நாளில் பத்து அடி (தாளக்கட்டு), ஆளுக்கொரு தலைப்பாகை, முடிவில் 'உலக சாதனை' சான்றிதழ் என்று பேசி மொத்தமாக ஒரு தொகை வாங்குவார்கள். கலைஞர் கைக்குப் போவது பஸ் காசும் சாப்பாடும்தான். ஒரு அடி கையில் உட்காரவே வாரக்கணக்கில் ஆகும். அதனால் பணத்தை ஆசான் கையில் நேராகக் கொடுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இல்லையென்றால் மனு எழுதிக் கொடுங்கள்.

பறையையும் பாருங்கள். பிளாஸ்டிக் போர்த்தியது எந்நேரமும் ஒரே மாதிரி கத்தும். தோல் கட்டியதைத் தீயில் காய்ச்சினால்தான் பேசும். வைக்கோலைக் கொளுத்தி, தோலை வாட்டி, விரலால் தட்டி, போதவில்லையென்று மறுபடி வாட்டி... அதைப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கட்டும். குச்சியைத் தொடுவது அதற்கப்புறம்.

நேரம் எங்கே என்பீர்கள். நியாயம்தான். 2012-இல் உங்களைப் போன்ற பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரம் மூன்று அரைநாளுக்கு எடுத்தார்கள். அந்த அரைநாளில்தான் ஓவியம், கலைத் திருவிழா, பண்பாடு எல்லாம் வளர வேண்டுமாம்!

பையன் திரும்பி வந்தால் எந்த வரிசை என்பதை அவனே சொல்லட்டும். வராவிட்டால் மேடைத் திரை வரைய ஆள் வேண்டுமே, நீங்கள் ஓவிய டீச்சர்தானே?