டுலூத் தூக்குப் பாலம்: கேள்வி பதில்

அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள துறைமுக ஊர் டுலூத். கப்பல் வரும்போது சாலை மேலே ஏறி வழிவிடும் தூக்குப் பாலம் அங்கே நிற்கிறது. அதைப் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு:

கேள்வி: ஐயா, அங்கே பாலத்துக்கு என்ன அவசியம்?

பதில்: நீண்ட மணல்திட்டை வெட்டி 1871-ல் கப்பல் கால்வாய் திறந்தார்கள். கப்பலுக்கு வழி கிடைத்தது, திட்டில் குடியிருந்தவர்களுக்கு வழி போய்விட்டது. 1892-ல் வாடெல் என்ற பொறியாளர் தூக்குப் பாலம் ஒன்றை வரைந்து கொடுத்தார். அனுமதி தரவேண்டிய அமெரிக்க அரசின் போர்த்துறை ஒப்பவில்லை. அதே யோசனையை அவர் 1894-ல் சிகாகோவில் கட்டிக் காட்டினார். டுலூத்துக்கு 1905-ல் வந்தது வேறு: உயரத்தில் இரும்புச் சட்டகம், அதிலிருந்து தொங்கும் பெரிய பெட்டி. ஆட்கள், குதிரை வண்டி, டிராம் எல்லாம் அதில் ஏறி ஒரு நிமிடத்தில் அக்கரை சேரும். கார்கள் பெருகியதும் பெட்டி போதவில்லை. சட்டகத்தை மேலும் உயர்த்தி, கீழே தூக்கும் சாலையைப் பொருத்தினார்கள். 1930 மார்ச்சில் முதல்முறை தூக்கியது. வடிவமைத்தது வாடெல் நிறுவனத்தின் வழிவந்தவர்கள்! எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தது இதுதான்.

கேள்வி: அவ்வளவு எடையை எந்த மோட்டார் தூக்கும்?

பதில்: சாலைப் பகுதி ஏறத்தாழ 900 டன். இரு கோபுரங்களில் ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட 450 டன் எதிரெடை தொங்குகிறது. சாலை ஏற ஏற அவை இறங்கும். மோட்டாருக்கு உராய்வை வெல்வதே முக்கிய வேலை. பாலம் ஏறப்போகிறது என்று மணி அடித்தபின் மட்டும் ஓடிக் கடக்காதீர்கள்.

கேள்வி: கப்பல் எப்போது வரும்?

பதில்: அன்றைய கப்பல் நேரப் பட்டியலைப் பாருங்கள்.

கேள்வி: தடை உத்தரவு வருவதற்குள் ஊர்மக்கள் மண்வெட்டியோடு திரண்டு கால்வாயை வெட்டி முடித்தார்களாமே?

பதில்: கட்டுக்கதை. 1870 இலையுதிர்காலத்தில் நீராவித் தூர்வாரி வேலையைத் தொடங்கியது, அடுத்த வசந்தத்தில் திறந்தது.

கேள்வி: ஊர்க்காரர்களே சொல்கிறார்களே, சார்? எதிர்ப்பே இல்லையா?

பதில்: எதிர்ப்பு இருந்தது. பக்கத்து ஊரான சுப்பீரியர் வழக்குக்குப் போனது உண்மை. ஆனால் தடை வந்தபோது கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உறைந்த மணலைச் சில நாளில் மண்வெட்டியால் வெட்டிக் கப்பல் விட முடியுமா, யோசித்துப் பாருங்கள். மாதக்கணக்கில் குளிரில் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவர்களின் உழைப்பை இந்தக் கதை மறைத்துவிடுகிறது. அதனால்தான் விடாமல் மறுக்கிறேன்.

கேள்வி: ஏரியில் மூழ்கிய சரக்குக் கப்பல் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கடைசிப் பயணத்தில் இதன் கீழே போனதா?

பதில்: இல்லை. 1975 நவம்பரில் சுப்பீரியரில் சரக்கேற்றி, அந்த ஊரின் துறைமுக வாயில் வழியாகவே ஏரிக்குள் போனது.

கேள்வி: ஃபிட்ஸ்ஜெரால்ட் போனபோது பாலம் தூக்கினார்களா, அண்ணா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: மணி அடித்தாலும் நடந்து போனால் நேரம் இருக்குமே?

பதில்: இருக்காது. நில்லுங்கள்.