ஒரே லிஸ்ட், இரண்டு பெயர்: பைத்தான் கேள்வி பதில்

கேள்வி: ஆ = அ என்று எழுதி லிஸ்ட்டை நகல் எடுத்துக்கொண்டேன். ஆ-வில் ஒரு எண்ணைச் சேர்த்தால் அ-விலும் வந்து உட்கார்ந்துகொள்கிறதே?

பதில்: நீங்கள் நகல் எடுக்கவே இல்லை. பைத்தானில் சமக்குறி எதையும் பிரதி எடுக்காது, இருக்கிற லிஸ்ட்டுக்கு இன்னொரு பெயர் வைக்கும். செல்லப்பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பது அதே ஆள்தானே? நகல் வேண்டுமென்றால் ஆ = அ[:] என்று எழுதுங்கள்.

கேள்வி: கட்டம் = [[0] * 3] * 3 என்று உருவாக்கினேன். கட்டம்[0][0] = 5 என்று போட்டதும் மூன்று வரிசையிலும் 5 வந்துவிட்டது.

பதில்: இதில் நானே ஒரு ராத்திரியைத் தொலைத்திருக்கிறேன், தப்பு என் கணக்கில்தான் என்று நம்பி. உள்ளே இருக்கும் [0] * 3 பிரச்சினை இல்லை. 0 ஒரு எண். அதை மாற்ற முடியாது, அதன் இடத்தில் வேறொன்றை வைக்கத்தான் முடியும். வம்பு வெளியே இருக்கும் * 3-இல். அது மூன்று வரிசைகளைச் செய்வதில்லை, ஒரே வரிசையை மூன்று இடத்தில் மாட்டிவைக்கிறது. பிரின்ட் செய்தால் [[5, 0, 0], [5, 0, 0], [5, 0, 0]] என்று வரும். லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனுக்குள் (சதுர அடைப்புக்குள்ளேயே for சுற்றை எழுதி லிஸ்ட் செய்யும் முறை) [0] * 3 என்று எழுதி மூன்று சுற்று ஓடவிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் புது வரிசை பிறக்கும்.

கேள்வி: அந்தக் கட்டத்தை [:] போட்டு நகல் எடுத்தும் பழையது மாறுகிறது.

பதில்: வெளி லிஸ்ட் மட்டும்தான் புதிது, உள்ளே அதே வரிசைகள். காப்பி மாட்யூலில் உள்ள டீப்காப்பி உள்ளே வரை பிரதி எடுக்கும். அதற்காகக் கண்ட இடத்தில் எல்லாம் போடாதீர்கள், பெரிய தரவு என்றால் நேரத்தைத் தின்னும்.

கேள்வி: ஃபங்ஷனின் டிஃபால்ட் மதிப்பாக (அழைப்பவர் எதுவும் தராவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பு) [] கொடுத்தேன். இரண்டாம் முறை அழைத்தால் முதல் முறை சேர்த்ததும் அப்படியே இருக்கிறது!

பதில்: அந்த [] ஒவ்வொரு அழைப்புக்கும் உருவாவதில்லை. ஃபங்ஷனை வரையறுக்கும் டெஃப் (def) வரி ஓடும்போது ஒரே ஒரு தடவைதான். டிஃபால்ட்டாக நன் (None, ‘எதுவும் இல்லை’ என்ற மதிப்பு) கொடுத்துவிட்டு, உள்ளே வந்து பார்த்து, நன் என்றால் புது லிஸ்ட் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: அ += [4], அ = அ + [4] இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. முதலாவது இருக்கும் லிஸ்ட்டையே நீட்டும். அதைப் பிடித்திருக்கும் மற்ற பெயர்களும் மாற்றத்தைப் பார்க்கும். இரண்டாவது புது லிஸ்ட் செய்து அ என்ற பெயரை அங்கே நகர்த்தும். சரி, ஒரு வேடிக்கை: ட = ([1],) என்று டியூப்பிள் (செய்தபின் மாற்ற முடியாத வரிசை) வைத்து, ட[0] += [2] என்று ஓட்டிப் பாருங்கள். டைப்எரர் என்ற பிழை வரும். அப்புறம் ட-வைப் பிரின்ட் செய்தால் ([1, 2],) என்று இருக்கும். உள்ளே இருக்கும் லிஸ்ட் முதலில் நீண்டுவிடும், அதை டியூப்பிளில் திரும்ப வைக்கப் போகும்போதுதான் பிழை.