இருக்கையைப் பிய்த்து எறிந்தால் யார் பணம் கட்டுவது?
வாசகர் கேள்வி – பதில்: விளையாட்டுப் பகுதி

இறுதிப் போட்டிகளுக்கு வரும் வெளியூர் ரசிகர்களின் ரகளை, மைதானத்துக்கு ஏற்படும் சேதம் ஆகியவை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: 1975இல் பாரிஸில் நடந்த ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) கால்பந்து இறுதிப் போட்டியில் இங்கிலாந்துக் கிளப்பான லீட்ஸ் யுனைடெட்டின் ரசிகர்கள் இருக்கைகளைப் பிய்த்து எறிந்ததாகப் படித்தேன். தோற்ற கோபம்தானே காரணம்?

பதில்: இல்லை. இருக்கைகள் பறக்கத் தொடங்கியபோது ஸ்கோர் 0–0. அன்று மே 28, பார்க் டெ பிரின்ஸ் மைதானம், எதிரணி பயர்ன் மியூனிக். முதல் பாதியிலேயே பெனால்டி கேட்டு லீட்ஸ் வீரர்கள் நடுவரிடம் முறையிட்டுப் பலனில்லை. இரண்டாவது பாதியில் பீட்டர் லோரிமர் அடித்த கோல், சக வீரர் பில்லி பிரெம்னர் ஆஃப்சைடில் நின்றார் என்று ரத்தானது. கலவரம் அங்கேதான் பற்றிக்கொண்டது. அதன் பிறகே பயர்ன் இரண்டு கோல் அடித்து 2–0 என வென்றது. ஐரோப்பியப் போட்டிகளில் ஆட லீட்ஸுக்கு 4 ஆண்டுத் தடை வந்தது. மேல்முறையீட்டில் அது 2 ஆண்டாகக் குறைந்தது.

தோல்வி மட்டும் காரணமல்ல என்பதற்கு இன்னும் தெளிவான சாட்சி 1972 கோப்பை வென்றோர் கோப்பை (நாட்டுக் கோப்பைகளை வென்ற ஐரோப்பியக் கிளப்புகளுக்கான போட்டி) இறுதிப் போட்டி. பார்சிலோனாவில் டைனமோ மாஸ்கோவை 3–2 என்று வென்றது ஸ்காட்லாந்துக் கிளப்பான ரேஞ்சர்ஸ். வென்ற அணியின் ரசிகர்களே களத்துக்குள் புகுந்து போலீஸோடு மோதினார்கள். கோப்பையை உள்ளே ஓர் அறையில் வைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே, ‘நாம் ஜெயித்தால் பிரச்சினை இல்லை’ என்று திட்டம் போடும் அமைப்பாளர் ஏமாந்துபோவார். நடுவர் முடிவு, ஆட்டம் முடிந்த விசில், அளவு மீறிய கூட்டம் ஆகிய மூன்றுக்கும் ஆள் தயாராக இருக்க வேண்டும்.

கேள்வி: கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கிய இருக்கை எப்படிக் கையோடு வருகிறது?

பதில்: கையால் அநேகமாக வராது, காலால் வரும். கேலரியில் பின்வரிசை ஒரு படி உயரத்தில் இருக்கிறது. அங்கே நிற்பவரின் பாதம் முன்வரிசை இருக்கையின் முதுகுப்பகுதிக்கு நேராக விழுகிறது. மேலே உதைத்தால் அடியில் உள்ள போல்ட்டுகள்மீது நெம்புகோல் போட்டது போல விசை இறங்கும். முதுகுப்பகுதி உயர உயர, விசையும் அதிகம்.

அப்போது பெரும்பாலும் உடைவது போல்ட் அல்ல, போல்ட் துளையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக். இந்த இருக்கைகள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். பல வருட வெயிலில் அதன் மேல்பரப்பு வெளிறி, விரலால் தேய்த்தால் மாவு போல ஒட்டும். அந்த நிலைக்கு வந்த இருக்கை வளையாது, விரிசல் விடும். கடுங்குளிரிலும் இதே பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மைக்கு மாறும். துளைக்கு அகலமான வாஷர் போடாமல் விட்டிருந்தால் போல்ட் தலை பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். மடக்கும் இருக்கையானால் கீல் ஊசிதான் பலவீனமான இடம்.

இதைவிட ஆபத்தானது, ஆங்கர் போல்ட்டை (கான்கிரீட்டுக்குள் இறுக்கும் போல்ட்) படியின் விளிம்புக்கு மிக அருகில் அடித்திருப்பது. உதைக்கும்போது விளிம்புக் கான்கிரீட்டே பெயர்ந்து வரும். பிளாஸ்டிக் இருக்கை பட்டால் காயம். கான்கிரீட் துண்டு தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆட்டத்துக்கு முன், வெளியூர் ரசிகர் பகுதியில் ஒவ்வொரு இருக்கையையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். வெளிறியதை, துளையருகே மயிரிழை விரிசல் விட்டதை மாற்ற வேண்டும். சாதாரண நட்டுக்குப் பதில் ஸ்பேனரால் திருப்ப முடியாத வகையைப் போடலாம். புதிதாக அமைப்பவர்கள் இருக்கையைத் தரையில் பதிக்காமல் படியின் செங்குத்து முகத்தில் பதிப்பது நல்லது, பெருக்குவதும் எளிது. ரகளை முடிந்த இரவே, முறிந்து நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனைகளை வெட்டிவிட வேண்டும். மறுநாள் துப்புரவுக்கு வருபவர் காலைத்தான் அவை கிழிக்கும். புது இருக்கை மாட்டும் முன் பழைய ஆங்கரை இழுத்துப் பார்ப்பதைப் பலர் மறக்கிறார்கள். தளர்ந்த ஆங்கரில் மாட்டிய புது இருக்கை அடுத்த ஆட்டத்துக்குத் தாங்காது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உடையும் இருக்கைகள் எல்லாமே கோபத்தில் உடைவதில்லை. ரசிகர்கள் இருக்கைமேல் ஏறி நின்று குதிப்பதாலும் நிறைய உடைகின்றன. எப்படியும் நிற்கத்தான் போகிறார்கள் என்றால், வரிசைக்கு வரிசை இடுப்புயரக் கம்பியும், மடக்கிப் பூட்டும் இருக்கையும் உள்ள அமைப்புதான் சரி. ஜெர்மனியில் இது பழக்கமானது. இங்கிலாந்தின் மேல்நிலை லீக் மைதானங்கள் சிலவற்றில் 2022 ஜனவரியில் சோதனையாகத் தொடங்கியது. கோல் விழும்போது பின்னாலிருந்து வரும் தள்ளலை அந்தக் கம்பி தடுக்கிறது. சேதக் கணக்கைவிட இதுவே பெரிய லாபம்.

கேள்வி: சேதத்துக்கு யார் பணம் கட்டுவார்கள்? ரசிகர் செய்ததற்குக் கிளப் எப்படிப் பொறுப்பாகும்?

பதில்: ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏவின் ஒழுங்கு விதிகளில் 8ஆம் பிரிவு, கிளப்பின் தவறு நிரூபிக்கப்படாவிட்டாலும் அதன் ரசிகர் நடத்தைக்குக் கிளப்பே பொறுப்பு என்கிறது. களத்துக்குள் புகுதல், பொருள் எறிதல், பட்டாசு, லேசர் ஒளி, சேதம் விளைவித்தல் ஆகியவற்றை 16ஆம் பிரிவு தனித்தனியாகப் பட்டியலிடுகிறது. சேதத்துக்கு அபராதம் வேறு, இழப்பீடு வேறு. அபராதம் சங்கத்துக்குப் போகிறது. இழப்பீட்டுக்கு, ‘30 நாளுக்குள் மைதானக் கிளப்பைத் தொடர்புகொண்டு தீர்த்துக்கொள்’ என்று உத்தரவு வருவதுதான் வழக்கம்.

அந்தப் பேச்சுவார்த்தையில் மைதானத்தார் தோற்பது ஒரே காரணத்தால்: ஆட்டத்துக்கு முன்பு எப்படி இருந்தது என்பதற்குச் சான்று இல்லை. வாயில் திறப்பதற்கு முன் இரு தரப்பும் சேர்ந்து வெளியூர்ப் பகுதியைச் சுற்றிவர வேண்டும். வரிசை எண் தெரியும்படி இருக்கைகள், கழிவறைக் கதவுகள், வாஷ்பேசின்கள், தடுப்புக் கண்ணாடிகள் எல்லாவற்றையும் படமெடுத்து, ஏற்கெனவே உடைந்ததைக் குறித்து இருவரும் கையெழுத்திட வேண்டும். கூட்டம் வெளியேறியதும், துப்புரவு தொடங்கும் முன், அதே வழியில் மறுபடி ஒரு சுற்று. குப்பையோடு உடைந்த துண்டுகளையும் அள்ளிவிட்டால் கணக்கு அங்கேயே போயிற்று.

கேள்வி: ஹேசல் துயரத்துக்கு லிவர்பூல் ரசிகர்கள் மட்டும்தான் காரணமா?

பதில்: தாக்கியவர்கள் அவர்கள், அதில் மறுப்பில்லை. 1985 மே 29, பிரஸ்ஸல்ஸின் ஹேசல் மைதானத்தில் இத்தாலியக் கிளப்பான யுவென்டஸுக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி தொடங்கும் முன் அவர்கள் பக்கத்துப் பகுதிக்குள் பாய்ந்தார்கள். பயந்து ஓடியவர்கள் ஓரச்சுவரில் நெருங்க, சுவர் இடிந்தது. 39 பேர் இறந்தார்கள். 1989இல் 14 லிவர்பூல் ரசிகர்கள் தண்டிக்கப்பட்டார்கள். இங்கிலாந்துக் கிளப்புகள் 5 ஆண்டு ஐரோப்பாவில் ஆட முடியவில்லை. லிவர்பூலுக்கு அது 6 ஆண்டு.

ஆனால் அந்த மைதானம் 1930இல் திறந்தது, பராமரிப்பின்றிச் சிதைந்திருந்தது. படிக்கட்டுக் கான்கிரீட்டையே பெயர்த்துக் கல்லாக எறிய முடிந்தது. ‘இசட்’ என்ற பகுதி நடுநிலை ரசிகர்களுக்கு என்று டிக்கெட் விற்கப்பட்டது. அவை இத்தாலிய ரசிகர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. இரு தரப்புக்கும் நடுவே மெல்லிய கம்பி வலை, போதாத போலீஸ். இறுதிப் போட்டியில் ‘நடுநிலைப் பகுதி’ என்று பெயர் மட்டும் வைத்தால் போதாது. அதன் டிக்கெட் யாரிடம் போகிறது என்று கவனிக்காத அமைப்பாளரும் அந்த 39 உயிர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான்.

கேள்வி: வாயிலில் தள்ளுமுள்ளு ஏற்பட்டால் ‘டிக்கெட் இல்லாத ரசிகர்கள்’ என்றே சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: சில நேரம் உண்மை. 2021 ஜூலை 11, லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்து – இத்தாலி யூரோ இறுதிப் போட்டியில் சுமார் 2,000 பேர் டிக்கெட் இல்லாமல் உள்ளே நுழைந்ததாக விசாரணை அறிக்கை சொன்னது. அவர்கள் வெளியூர்க்காரர்கள் அல்ல, உள்ளூர் ரசிகர்கள். 2022 மே 28 பாரிஸ் அருகே லிவர்பூல் ஆடிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் நடந்தது நேர்மாறானது. ‘ரசிகர்கள் தாமதமாக வந்தார்கள்’ என்று திரையில் போட்டார்கள். போலி டிக்கெட்டோடோ டிக்கெட் இல்லாமலோ வந்தவர்கள் 30,000 முதல் 40,000 பேர் என்று பிரெஞ்சு அமைச்சரே சொன்னார். வாயில் கருவிகள் கண்டறிந்த போலி டிக்கெட்டுகளோ சுமார் 2,600. முதன்மைப் பொறுப்பு யூஇஎஃப்ஏவுடையது என்றே தனி விசாரணைக் குழு முடிவு செய்தது. நேரத்தோடு வந்து வரிசையில் நின்று கண்ணீர்ப்புகை வாங்கிய லிவர்பூல் ரசிகர்களிடம் காட்டிய அநியாயம் அது.

கணக்கு எளிது. ஒரு சுழல்கதவு வழியாக மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்கிடக் கூடாது என்பது பிரிட்டிஷ் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டியின் வரம்பு. 20,000 பேர் ஒரே மணி நேரத்தில் நுழைய 31 கதவு வேண்டும், அதுவும் ஒன்றுகூடப் பழுதாகாமல். டிக்கெட் சோதனையையும் உடல் சோதனையையும் ஒரே இடத்தில் வைத்தால் வேகம் இன்னும் குறையும். பின்னால் நிற்பவருக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது, அவர் தள்ளுவார்.

கேள்வி: ரசிகர்கள் கொளுத்தும் ஃபிளேரை (வண்ண ஒளியோடு எரியும் குச்சி) தண்ணீர் ஊற்றி அணைக்கலாமா?

பதில்: கூடாது. அது எரியத் தேவையான ஆக்சிஜனைத் தரும் வேதிப்பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது; வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெப்பம் தாங்கும் கையுறையோடு நீண்ட இடுக்கியால் எடுத்து, மணல் வாளிக்குள் செருகி எரிந்து முடிய விட வேண்டும். களத்தை ஒட்டி இடைவெளி விட்டு வாளிகள் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் தொடர் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு எதிரணி ரசிகர்கள் சில நூறு பேர் வருவார்கள். பெரிய பாதுகாப்புக்குப் பணமில்லை. எதை முதலில் செய்வது?

பதில்: அவர்களுக்குத் தனி வாயில், தனிக் கழிவறை, தனிக் குடிநீர். இந்த மூன்றும் இருந்தால் இரு தரப்பும் சந்திக்கும் இடமே இல்லாமல் போகும். முதல் நாள் மாலை அவர்கள் பகுதியைச் சுற்றிவந்து செங்கல், ஜல்லி, கட்டுமானக் கம்பி, கட்டாத நாற்காலி எல்லாவற்றையும் அகற்றுங்கள். தண்ணீர் பாட்டிலை மூடியைக் கழற்றிக் கொடுங்கள். மூடிய பாட்டில் தூரம் பறக்கும், திறந்தது பாதியிலேயே கொட்டிவிடும். அந்த அணியிடமே ரசிகர்களுக்கு அறிமுகமான சிலரைக் கேட்டு வாங்கி, தனி நிறச் சட்டை கொடுத்து அவர்கள் நடுவே நிறுத்துங்கள். உங்கள் ஆள் பத்து முறை சொல்வதை அவர்கள் ஆள் ஒரு முறை சொன்னால் போதும்.

ஆட்டம் முடிந்ததும் யார் முதலில் வெளியேறுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, இடைவேளையிலேயே ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். காத்திருப்பவர்களுக்கு எத்தனை நிமிடம் என்றும் சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்துக்குக் கதவைத் திறங்கள். வெளியேறும் கதவுகளில் ஆட்டம் முழுக்க ஒருவர் நிற்க வேண்டும், பூட்டு மாட்டக் கூடாது.