சிங்கப்பூர்க்காரர்கள் வாய் திறந்ததே இல்லையா?

கேள்வி: சிங்கப்பூரில் அரசு ஒன்றைச் சொன்னால் மக்கள் மறுபேச்சில்லாமல் செய்கிறார்கள். அதனால்தான் அந்தக் குட்டித் தீவு இவ்வளவு உயரத்துக்கு வந்தது. இங்கே எதற்கெடுத்தாலும் மக்கள் கருத்து, ஆர்ப்பாட்டம் என்று இழுத்தடிக்கிறோம். கறாரான அரசு வந்தால் நாமும் உருப்படுவோம். என்ன சொல்கிறீர்கள்? (என் பேரன் மூன்று வருடமாக அங்கேதான் வேலை பார்க்கிறான்.)
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: ஐயா, உங்கள் பேரன் நல்லபடியாக இருக்கட்டும். ஆனால் நீங்கள் சொல்கிற சிங்கப்பூரை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

நம் பக்கத்துக்கு அந்த ஊர் புதிதில்லை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நம் நகரத்தார் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் (தொழிலும் தங்கலும் ஒன்றாக நடந்த கூடங்களில்) உட்கார்ந்து வட்டித் தொழில் பார்த்த காலத்துப் பழக்கம். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859இல் எழும்பியது. இன்றும் தைப்பூசத்துக்குப் போய் வருகிறவர்கள், தெரு சுத்தத்தையும் ரயில் நேரத்தையும் பார்த்துவிட்டு, எல்லாம் பயத்தால் வந்தது என்று முடிவுகட்டி விடுகிறார்கள்.

பயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1959இலிருந்து ஒரே கட்சிதான் ஆள்கிறது. அனுமதி வாங்காமல் திறந்த வெளியில் கூட்டம் போட ஹாங் லிம் பூங்காவை விட்டால் அங்கே வேறு இடம் கிடையாது. இதை நான் பெருமையாக எண்ணவில்லை, நீங்களும் எண்ண வேண்டாம்.

ஆனால் மக்கள் மறுபேச்சில்லாமல் கேட்டார்கள் என்கிறீர்களே, அப்படிக் கேட்ட ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். 1972இல் ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ என்று அரசு சொன்னது. சொன்னதோடு விடவில்லை. மூன்றாவது, நான்காவது பிள்ளை என்றால் பிரசவச் செலவு கூடும். பள்ளியில் இடம் கிடைப்பதில் பின்னால் போக வேண்டும். மக்கள் கேட்டார்கள். 1965இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கரைப் பிள்ளைக்கு மேல் பிறந்த ஊரில், பத்தே வருடத்தில் அது இரண்டு சொச்சத்துக்கு இறங்கியது. அரசு எதிர்பார்த்ததைவிட ஆழமாகக் கேட்டுவிட்டார்கள். 1987இல் ‘முடிந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள்’ என்று அதே அரசு திருப்பிச் சொன்னது. பணம், விடுப்பு, வீடு வாங்குவதில் சலுகை என்று எத்தனையோ கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் சராசரி 0.97. ஒரு பெண்ணுக்கு ஒரு பிள்ளைகூட இல்லை. கறாரான உத்தரவால் ஒரு பழக்கத்தை நிறுத்த முடிந்தது, அதைத் திரும்ப வரவைக்க முடியவில்லை. அந்தத் தீவின் இன்றைய பெரிய கவலையே இதுதான்.

இடையில் இன்னொன்றும் செய்தார்கள். படித்த தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை என்று 1984இல் ஒரு திட்டம். அது மக்களை அவமானப்படுத்திய திட்டம் என்றே நான் சொல்வேன். அவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அந்த வருடத் தேர்தலில் ஆளும் கட்சியின் ஓட்டு கிட்டத்தட்ட 13 சதவீதப் புள்ளி விழுந்தது. அடுத்த வருடம் திட்டத்தைக் கைவிட்டார்கள். மறுபேச்சு இல்லாத ஊரா இது?

2011 தேர்தலில் வீட்டு விலை, ரயில் நெரிசல், வெளியாட்கள் வரவு என்று கோபம் கொட்டியது. ஆளும் கட்சிக்கு 60 சதவீதம்தான் கிடைத்தது. வெளியுறவு அமைச்சரே தோற்றார். ஓட்டுப் பதிவுக்கு முன்பே பிரதமர் லீ சியன் லூங் மேடையில் மன்னிப்புக் கேட்டார். அப்புறம் அமைச்சர்களின் சம்பளம் குறைந்தது, பிரதமருக்கு 36 சதவீதம். 2013இல், ‘2030க்குள் மக்கள்தொகை 69 லட்சம் வரை போகலாம்’ என்று அரசு ஒரு வெள்ளை அறிக்கை வைத்தபோது, அதே ஹாங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கில் கூடி நின்றார்கள்.

சரி, கசப்பான கொள்கையை எப்படித்தான் கொண்டுவருவது? அங்கே சரக்கு, சேவை வரியை ஏற்றப்போவதாக 2018 பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் மக்கள் 2020இல் ஓட்டுப் போட்டார்கள். ஆளும் கட்சிக்கு 61 சதவீதம் வந்தது, பத்து இடம் எதிர்க்கட்சிக்குப் போனது. 7 சதவீதம் 2023இல் 8 ஆகி, 2024இல் 9 ஆனது. குறைந்த வருமானக்காரர்களுக்கு ஈடாகப் பணமும் கூப்பனும் வந்தன. யாருக்கும் பிடித்திருக்காது. ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக யாரும் ஏமாற்றப்படவில்லை.

நம் ஆட்கள் தொழில் செய்த இன்னொரு தீவைப் பாருங்கள். இலங்கையில் 2019இல் பெரிய வெற்றியோடு வந்த அரசு, ஒரு மாதத்துக்குள் மதிப்புக் கூட்டு வரியை 15இலிருந்து 8 சதவீதமாக இறக்கியது. கைதட்டல் வாங்கும் வேலை. கஜானா என்ன ஆகும் என்று மக்களுக்குக் கணக்குக் காட்டவில்லை. 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. வயலில் நிற்கிறவனைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பான். நெல்லும் தேயிலையும் அடிவாங்கிய பிறகு, அந்த வருடமே தடையைத் தளர்த்தினார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள்; ஜூலையில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 8 ஆக்கிய அந்த வரி 2024இல் 18 ஆனது. அதைக் கட்டுகிறவர்கள் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அதே ஜனங்கள். எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

நீங்கள் கேட்ட கறார் அந்த அரசிடம் இருந்தது ஐயா. மூன்றில் இரண்டு பங்கு பலமும் இருந்தது. நம் வீடுகளில் ஐந்தொகை (சொத்து, கடன் கணக்கு) எடுத்துப் பங்காளிகள் முன்னால் வைக்காமல் யாராவது தொழிலை நடத்தியிருந்தால், எத்தனை பெரிய கெட்டிக்காரர் ஆனாலும் விட்டிருப்போமா? ஊர்க் கோயிலுக்குப் புள்ளி வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்ற வரி) போடுவதற்குக்கூட நகரத்தார் கூடித்தானே பேசுகிறோம். அதை இழுத்தடிப்பு என்று நீங்கள் சொன்னதில்லையே.

பேரன் அடுத்த முறை பேசும்போது, கூட வேலை செய்யும் அந்த ஊர்க்காரர்களிடம் ஒன்று கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: 9 சதவீத வரி வரப்போவது அவர்களுக்கு எத்தனை வருடம் முன்னால் தெரியும் என்று.