பக்தி குறைந்துவிட்டதா?

கேள்வி: ஐயா, விடியற்காலையில் தண்ணீர் பிடிப்பதில் தொடங்கி, பிள்ளைகளுக்கும் துறைமுக வேலைக்குச் செல்லும் கணவருக்கும் சோறு கட்டி அனுப்பி, படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைக் குளிப்பாட்டி உணவூட்டி முடிப்பதற்குள் எனக்குப் பொழுது சாய்ந்துவிடுகிறது. மேலூர், திருவொற்றியூர், வடதிருமுல்லைவாயில் ஆகிய மூன்று ஊர் அம்மன்களையும் பௌர்ணமியன்று ஒரே நாளில் தரிசிக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் கிளம்பும்போது, நான் வாசலில் நின்று வழியனுப்புகிறேன். வீட்டில் விளக்கேற்றினாலும் மனம் அடுப்பிலேயே இருக்கிறது. எனக்குப் பக்தி குறைந்துவிட்டதா? இப்படியே கழியும் வாழ்க்கைக்கு என்ன பொருள்?

– ஒரு வாசகி, புதுவண்ணாரப்பேட்டை

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் காண்பது களைப்பு. உடல் ஓய்ந்துபோனவருக்கு மனம் ஒருமுகப்படாதது இயல்பே. அதை நம்பிக்கைக் குறைவு என்று எண்ணி உங்கள்மீது நீங்களே பழி சுமத்திக்கொள்ள வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள திருவொற்றியூரில் பிறந்தவர் கலிய நாயனார். செக்காட்டி எண்ணெய் விற்கும் குலத்தவர். கோயிலின் உள்ளும் புறமும் விளக்கேற்றுவதையே தொண்டாகக் கொண்டிருந்த அவர், செல்வம் கரைந்தபின் உறவினரிடம் எண்ணெய் வாங்கி விற்றும், அவர்கள் தர மறுத்தபின் பிறருடைய செக்கில் கூலிக்கு உழைத்தும், கிடைத்ததைக் கொண்டு விளக்கெரித்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அக்கூலியும் கிடைக்காமற்போய், எண்ணெய்க்கு ஈடாகத் தம் இரத்தத்தையே வார்க்கத் துணிந்த இறுதிக் கட்டத்தைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். எனக்கோ, செக்கடியில் அவர் வியர்வை சிந்திய அந்த நாள்களே மனத்தில் நிற்கின்றன. அப்போது அவர் கையில் விளக்கும் இல்லை, எதிரே சந்நிதியும் இல்லை; செக்கும் அன்றைய கூலியும்தான் இருந்தன. மாலையில் விளக்கு எரிந்த நேரம் மட்டுமே தொண்டு, பகலெல்லாம் செக்கைச் சுற்றியது வெறும் பிழைப்பு என்று நம்மால் பிரித்துவிட முடியுமா?

ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்து, திருவொற்றியூருக்கு நடந்தே சென்று வழிபட்ட வள்ளலாரையும் எண்ணிப் பாருங்கள். 1867ஆம் ஆண்டு வடலூரில் அவர் நிறுவிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டப்பட்ட அடுப்பு, இன்றும் அணையாமல் காக்கப்பட்டு, வருவோருக்கெல்லாம் உணவளித்து வருகிறது. பசியாற்றுவதை ஜீவகாருண்யத்தின் தலையாய செயலாக வற்புறுத்தியவர் அவர். தாமாக எடுத்து உண்ண இயலாத ஒரு முதியவருக்கு நாள்தோறும் நீங்கள் ஊட்டும் கஞ்சி அந்த நெறிக்கு உட்பட்டதே. விளக்கின் முன் நின்றபோது உங்கள் மனம் அடுப்பை நினைத்ததென்றால், அது பிறருடைய பசியை நினைத்தது என்றுதான் நான் கொள்வேன்.

ஆனால், இதைச் சொல்லி உங்களை வீட்டுக்குள்ளேயே நிறுத்திவிட எனக்கு மனமில்லை. ‘அடுப்பங்கரையே உனக்குக் கோயில்’ என்று பெண்ணிடம் சொல்லிவிட்டு, மற்றவர்கள் மட்டும் தரிசனத்துக்குக் கிளம்புவது நியாயமாகாது. மாமியாருக்கு உணவூட்டுவது புண்ணியம் என்றால், அதில் அவருடைய மகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பங்குண்டு.

அன்றாடத்தில் பொருள் காண வேண்டுமென்று எல்லா வேலையையும் ஒரேயடியாகத் தியானமாக்க முயல வேண்டாம். அது உங்களுக்கு இன்னொரு சுமையாகிவிடும். மாமியாருக்கு உணவூட்டும் அந்தச் சிறிது நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலையை நினைக்காமல் அருகில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து ஊட்டுங்கள். நல்ல நாளில் அவர் கும்பிட்ட தெய்வம் எது, பாடிய பாட்டு எது என்று கேளுங்கள். நினைவிருந்தால் அவரே ஓரடி சொல்லட்டும், நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள். சில நாள்களில் எரிச்சலும் வரும். அதற்காக மனம் உடைந்துபோக வேண்டியதில்லை.

மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் தரிசித்தால்தான் ஆயிற்று என்பதும் இல்லை. மெட்ரோ ரயிலில் உங்கள் புதுவண்ணாரப்பேட்டைக்கு அடுத்த மூன்றாவது நிலையம் திருவொற்றியூர் தேரடி. வடிவுடையம்மனைத் தரிசித்துத் திரும்ப ஒரு மாலைப்பொழுது போதும். கணவருக்கு விடுமுறையுள்ள நாளாகப் பார்த்து, தாயாருக்கு அன்று இரவு உணவூட்டும் பொறுப்பை அவரிடம் ஒப்படையுங்கள். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் அக்கோயிலின் சிவபெருமானாகிய ஆதிபுரீசுவரரைக் கவசமின்றித் தரிசிக்கலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மூன்றில் ஒரு நாள் உங்களுக்கு வேண்டும் என்று வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.