குவாரித் தூசி முதல் நஷ்டஈடு வரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஜாக்ஹாமர் ஓட்டும் என் கணவருக்கு ஓராண்டாக இருமல். டி.பி. மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டும் மூச்சு வாங்குகிறது. – வாசகி, பர்கூர்

அம்மா, இது சிலிக்கோசிஸாக இருக்கலாம், அதாவது கல்லிலுள்ள சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து வரும் நோய். சிலிக்கா தூசி படிந்த நுரையீரலை டி.பி. எளிதில் பிடிக்கும், அதனால் இரண்டும் சேர்ந்தும் வரும். மருத்துவர் கேட்காவிட்டாலும், எத்தனை வருஷமாகக் கல்லில் துளை போடுகிறார் என்பதை நீங்களே சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொண்டு எக்ஸ்ரேயைப் பார்த்தால்தான் நோய் பிடிபடும்.

எந்தக் கல் என்பதும் முக்கியம். கறுப்பு கிரானைட் என்று விற்கும் டாலரைட்டில் குவார்ட்ஸ், அதாவது சிலிக்காவாலான கனிமம், குறைவு. உங்கள் பக்கத்து பாரடைஸோ போன்ற வண்ணக் கற்களில் அதிகம், ஆபத்தும் அதிகம். மூக்கில் கட்டும் ஈரத்துண்டு நுண்தூசியைத் தடுக்காது. தண்ணீர் விட்டுத் துளைப்பதுதான் முதல் பாதுகாப்பு, முகக்கவசம் அதற்கு அப்புறம்தான். ஒருமுறை வந்துவிட்டால் இந்த நோயைக் குணமாக்க மருந்து கிடையாது. அதனால் இன்றே தூசி வேலையிலிருந்து அவரை விலக்குங்கள். எக்ஸ்ரே படங்களை எறிந்துவிடாதீர்கள். சுரங்கத் தொழிலில் இது அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய். நஷ்டஈடு கேட்கவும் அந்தப் படங்கள்தான் சாட்சி.

எங்கள் குவாரியில் நாற்பது அடியைச் சுவர் மாதிரி நேராக வெட்டியிருக்கிறார்கள். விளிம்பில் கற்கள் கிடக்கின்றன. – வாசகர், தேன்கனிக்கோட்டை

அதன் அடியில் நிற்காதீர்கள். 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள் கல் குவாரிக்கும் பொருந்தும். கெட்டியான பாறையிலும் ஒரு பெஞ்ச், அதாவது படிபோல வெட்டும் ஒரு அடுக்கு, 6 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக்கூடாது, தனி அனுமதி இருந்தால் தவிர. விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் உதிரிக் கல் கிடக்கக்கூடாது. மழை பெய்த மறுநாள் இன்னும் கவனம் வேண்டும், வெடிப்புகளில் நீர் இறங்கியிருக்கும். மேலாளர் கேட்கவில்லையென்றால் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்கு எழுதுங்கள்.

தம்பி ஜார்க்கண்டில் நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போகிறான். குவாரி அனுபவம் போதுமா? – வாசகர், பாலக்கோடு

போதாது. அங்கே காற்றே எரியும். நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயு காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறியே வெடிக்கப் போதும். பீடியும் தீப்பெட்டியும் வாசலோடு சரி. கூரை சரிவது இன்னொரு ஆபத்து. பக்கத்துப் பழைய சுரங்கத்தில் தேங்கிய நீரும் ஆளை விழுங்கும். 1975 டிசம்பரில் இன்றைய ஜார்க்கண்டின் சஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் அப்படி நீர் புகுந்து 370க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பயிற்சி கொடுக்காமல் கீழே இறக்கினால் தம்பி மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும்.

அண்ணன் கல் விழுந்து இறந்துவிட்டார். மேஸ்திரியின் ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்கிறார் உரிமையாளர். – வாசகி, அரூர்

சம்பந்தம் உண்டு. ஒப்பந்தக்காரர் வழியாக வந்தாலும் வேலை நடந்த இடத்தின் முதலாளிக்குப் பொறுப்பு உண்டு. மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கேற்பச் சட்டம் சொல்லும் காரணியால் (பெருக்கும் எண்ணால்) பெருக்கி நஷ்டஈட்டுத் தொகை வரும், இளவயது என்றால் கூடும். வெள்ளைத் தாளில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, சம்பளம் வந்த வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் அண்ணியை மனு கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.