கைப்பையில் சாமான்களைத் தேடாமல் எடுப்பது எப்படி?

“வேலைக்கு ஒரு கைப்பை, சந்தைக்கும் அம்மா வீட்டுக்கும் ஒரு பெரிய பை. இரண்டிலும் சாவி, ஐசி (அடையாள அட்டை), மருந்து, ரசீது எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அறை அறையாகப் பிரித்த உள்பை ஒன்று வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

உள்பை உதவும். ஆனால் அதைக் கடைசியில் வாங்குங்கள். எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்யாமல் வாங்கினால், இப்போது ஒரே குவியலாகக் கிடப்பது எட்டு சின்னக் குவியலாகக் கிடக்கும், அவ்வளவுதான்.

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், வேலை ஈப்போவில். வாரநாளில் அலுவலகப் பை, அம்மாவுக்குத் தேதி கொடுத்த நாளில் கிளினிக் பை, வெள்ளிக்கிழமை கோயில் பை, பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குத் துணிப்பை என்று மாறி மாறித் தோளில் ஏறும். அதனால் இந்த விஷயத்தில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு.

பெரும்பாலும் சொல்லப்படும் யோசனை, பொருள்களை வகை வாரியாகப் பிரிப்பது: பவுடர், லிப்ஸ்டிக் ஒரு பக்கம், காகிதம் ஒரு பக்கம், மின்சாமான் ஒரு பக்கம். வீட்டு அலமாரிக்கு அது பொருந்தும். கைப்பைக்கு, அந்தப் பொருளை எடுக்கும்போது நீங்கள் எந்த நிலையில் இருப்பீர்கள் என்று பார்த்துப் பிரிப்பதுதான் சரி. நின்றபடி, ஒரு கையால், பின்னால் நாலு பேர் காத்திருக்க எடுப்பவை உண்டு. உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு எடுப்பவை உண்டு. மாதத்துக்கு ஒரு தடவை தேவைப்பட்டாலும் அந்த நேரத்தில் இல்லாவிட்டால் தவித்துப்போகிறவை உண்டு. இந்த மூன்றையும் கலக்காமல் வைத்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அம்மா. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போவார்கள். வெளிச்சம் மரப்பட்டையில் விழும், பையில் விழாது. கத்தி, தீட்டுக்கல், வெற்றிலைச் சுருக்குப்பை என்று எதை எடுத்தாலும் கைதான் கண். “கை எங்க போகுதோ அங்க வையிம்மா, கண்ணு பாக்குற எடத்துல வைக்காத” என்று இன்றைக்கும் சொல்வார். நான் எந்தப் பையை அடுக்கினாலும் இந்த ஒரு சோதனையைச் செய்வேன்: பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி கையை விட்டுச் சாவியை எடுப்பேன். வரவில்லையென்றால் சாவி இருக்கும் இடம் தப்பு.

சாவியையே முதலில் எடுத்துக்கொள்வோம். பையின் உள் ஜிப் அறை ஓரத்தில், தையல் மடிப்போடு சேர்த்து, ஒரு முழ ரிப்பனை அழுத்தமாகத் தைத்துவிடுங்கள். மறுமுனையில் ஒரு கொக்கி. சாவிக்கொத்து அதில் தொங்கும். ரிப்பனின் நீளம் முக்கியம்: பை தோளில் இருக்கும்போதே சாவி கிரில் கதவின் பூட்டை எட்ட வேண்டும். அப்படி இருந்தால் சாவியைக் கழற்றவே வேண்டாம். கதவைத் திறந்து கையை விட்டால் அது தானாகப் பைக்குள் போய்விடும். கழற்றாத சாவி தொலையாது. வீட்டில் தையல் மெஷின் இல்லையென்றால் ஊரில் ரவிக்கை தைக்கிற அக்காவிடம் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை.

ஐசியைச் சாவியோடு ஒரே அறையில் வைக்காதீர்கள். நம் மலேசியாவில் 12 வயதுக்கு மேல் எல்லோரிடமும் ஐசி இருந்தாக வேண்டும், அதனால் வீட்டில் விட்டுவிட்டும் போக முடியாது. ஆனால் அதன் முன்பக்கத்திலேயே வீட்டு முகவரி அச்சிட்டிருக்கிறது. மோட்டார் சைக்கிளில் வந்து பையைப் பறித்துக்கொண்டு போகிறவன் கையில் முகவரியும் சாவியும் சேர்ந்து கிடைத்தால், போவது பை மட்டும் இல்லை. அம்மாவுக்கு நான் ஐசியையும் வங்கி அட்டையையும் ஒரு தட்டைப் பர்ஸில் போட்டு உடம்போடு ஒட்டிய உள் பாக்கெட்டில் வைத்துக் கொடுத்துவிடுவேன். சாவி மட்டும் பையில். சாலையோரம் நடக்கும்போது பை சாலைக்கு எதிர்ப்பக்கத் தோளில் இருக்கட்டும், ஜிப் உங்கள் பக்கம் பார்த்திருக்கட்டும். மோட்டாரில் போனால் முன்கூடையில் வேண்டாம், இருக்கைக்கு அடியில் வையுங்கள்.

நின்று எடுப்பவற்றில் மீதி இவ்வளவுதான்: போன், கட்டணம் செலுத்தும் டச் அண்ட் கோ அட்டை, சில்லறைக்கு ஒரு சின்ன பர்ஸ். பெரிய நோட்டுகள் அதில் வேண்டாம். கடைக்காரர் முன்னால் எல்லாப் பணத்தையும் விரித்துக் காட்ட அவசியமில்லை.

உட்கார்ந்து எடுப்பவற்றில் மருந்துதான் முக்கியம். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் செய்கிற ஒரு காரியம் எனக்குப் பயத்தைத் தருகிறது. கிளினிக்கில் கொடுத்த பாக்கெட்டை எல்லாம் எறிந்துவிட்டு, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் உள்ள மாத்திரைகளை ஒரே டப்பாவில் கொட்டி வைத்துக்கொள்வார்கள். இடம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் பேருந்து நிலையத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால், அவர் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று உதவிக்கு வருகிறவருக்குச் சொல்வது அந்தப் பாக்கெட்டில் ஒட்டிய சீட்டுதான். மருந்தின் பெயர், அளவு, நோயாளியின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். சீட்டோடு சேர்த்தே வையுங்கள். இரண்டு நாளுக்குத் தேவையானது போதும், மாத மருந்து முழுவதையும் சுமக்க வேண்டாம்.

நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லிக் கொடுக்கும் மாத்திரையை எக்காரணம் கொண்டும் வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது. அது பிளாஸ்டிக்கில் பட்டாலும், காற்று புகுந்தாலும் வீரியம் குறையும். அதனால்தான் அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில் கொடுக்கிறார்கள். புட்டியைத் திறந்த தேதியை மேலே எழுதி ஒட்டுங்கள், 8 வாரத்தில் மாற்ற வேண்டும். உட்கார்ந்து எடுப்பவற்றோடு போடாமல் இதை மட்டும் சாவிக்குப் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலான மாத்திரைகளை 30 டிகிரிக்கு மேல் சூடு படாமல் வைக்கச் சொல்வார்கள். மதிய வெயிலில் நிறுத்திய காருக்குள் அதைவிட வெகுவாக ஏறிவிடும். இன்சுலின் பேனா பையில் இருந்தால் பை உங்களோடு இறங்கி வர வேண்டும்.

அம்மாவுக்கு மலாயில் எழுதிய சீட்டைப் படிக்கச் சிரமம். அதனால் அவருக்குச் சிவப்புப் பை மருந்து, பச்சைப் பை கிளினிக் புத்தகமும் பழைய ரிப்போர்ட்டும். “சிவப்பை எடுங்கம்மா” என்று போனில் சொன்னால் போதும்.

இந்தச் சின்னப் பைகளுக்காகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. தலையணை உறை, ரெடிமேட் ரவிக்கை வாங்கும்போது ஜிப் வைத்த ஒரு பிளாஸ்டிக் உறை வரும், பார்த்திருப்பீர்கள். கைப்பைக்கு அது கச்சிதமான அளவு. உள்ளே இருப்பது வெளியே தெரியும், ஈரம் புகாது, கிழிந்தால் வருத்தமில்லை. சேலைக்கு வரும் உறை கொஞ்சம் பெரியது, அதைப் பெரிய பைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் இன்னொரு நன்மை: பையை மாற்றும்போது எல்லாவற்றையும் கொட்டி அள்ள வேண்டாம். உறைகளைத் தூக்கி அடுத்த பையில் வைத்தால் முடிந்தது.

எப்போதாவது தேவைப்படுபவை என்றால் ஊக்கு, ஊசி நூல், பேண்டேஜ், நாப்கின், தலைமுடி ரப்பர், ஒரு தலைவலி மாத்திரை. ஒரே உறையில் போட்டு அடியில் வைத்துவிடுங்கள்.

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சேதி. அர்ச்சனை முடிந்து வாங்கிய திருநீறும் குங்குமமும் காகிதப் பொட்டலமாகப் பைக்குள் போகும். வீட்டுக்கு வருவதற்குள் பொட்டலம் பிரிந்துவிடும். திருநீறு தட்டினால் போய்விடும், குங்குமம் போகாது. லைனிங்கில் ஏறிவிட்டால் ஈரம் படும்போதெல்லாம் அடுத்த பொருளுக்கும் ஒட்டும். அப்படி ஆகிவிட்டால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பையின் உள்துணியை வெளியே இழுத்து, உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள், அப்புறம்தான் சோப்பு. தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோ ஆலயம் போகும்போது நான் திருகு மூடி உள்ள இரண்டு குட்டி டப்பாக்களைக் கொண்டுபோவேன். பொட்டலத்தை அங்கேயே பிரித்து டப்பாவில் கொட்டிவிடலாம். சூடத்தையும் இறுக்கமான டப்பாவில்தான் வைக்க வேண்டும். திறந்து கிடந்தால் கரைந்து காற்றோடு போய்விடும், போகுமுன் பையில் உள்ள ரொட்டிக்கும் தன் வாசனையைக் கொடுத்துவிடும்.

ரசீதுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடையில் தரும் வழுவழுப்பான ரசீது சூட்டில் எழுத்து விழும் காகிதம். அதில் மை கிடையாது. அதனால் வெயிலில் மங்கும், கிருமிநாசினித் திரவம் பட்டால் எழுத்தே போய்விடும். வருமான வரி விலக்கு கேட்கிற செலவுகளின் ஆதாரத்தை 7 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கைப்பையின் அடியில் கசங்கிய ரசீது ஏழு மாதம்கூடத் தாங்காது. புத்தகம், கணினி, பிள்ளையின் பாலர் பள்ளிக் கட்டணம் போன்ற ரசீதுகளை அன்று இரவே போனில் படம் எடுத்துவிட்டு, தாளை வீட்டுக் கோப்பில் போடுங்கள். மீன், காய்கறி ரசீது எதற்கு?

இனி பெரிய பை. அதன் கோளாறே வேறு, அது நிற்காது. தரையில் வைத்ததும் தொய்ந்து சாய்கிறது, உள்ளே இருப்பவை உருண்டு ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. எத்தனை உறை போட்டாலும் அடி தொய்ந்தால் பயனில்லை. பழைய பிளாஸ்டிக் கோப்பு அட்டையைப் பையின் அடி அளவுக்கு வெட்டி, முனைகளை வளைவாகக் கத்தரித்து உள்ளே போடுங்கள். பை தட்டையாக உட்காரும். தண்ணீர்ப் புட்டியையும் குடையையும் இரண்டு மூலைகளில் செங்குத்தாக வைத்தால் பக்கங்களும் நிற்கும். கனமானது உடம்பை ஒட்டி, அடியில். சந்தைக்குப் போகும் பையில் மீனுக்கென்று கழுவக்கூடிய ஒரு பை தனியாக மடித்து வைத்திருங்கள். பினாங்கு, சிலாங்கூர் பக்கம் போனால் பிளாஸ்டிக் பை சும்மா கிடைக்காது, அங்கேயும் உதவும்.

நனைந்த குடையை மட்டும் உள்ளே விடாதீர்கள். மழைக்குப் பேர்போன தைப்பிங் எங்களுக்குப் பக்கம், சாயங்கால மழை இங்கேயும் தப்பாது. ஈரம் உள்ளே தங்கினால் இரண்டு நாளில் பூஞ்சை வாடை வரும். செயற்கைத் தோல் பையாக இருந்தால் இன்னும் மோசம்: அதன் மேல்பூச்சு பெரும்பாலும் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக், காற்றில் உள்ள ஈரத்திலேயே மெல்லச் சிதையும். ஆசையாக வாங்கி அலமாரியில் பூட்டி வைத்த பை, எடுத்துப் பார்க்கும்போது செதில் செதிலாக உரிவது இதனால்தான். அந்தப் பைகளைப் பூட்டி வைப்பதைவிட அடிக்கடி வெளியே எடுத்து உபயோகிப்பது நல்லது. சும்மா இருக்கும் பைக்குள் கசக்கிய நாளிதழ்த்தாளைத் திணித்து, வாய் திறந்தபடி காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தாளை அவ்வப்போது மாற்றுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முழுப் பையையும் கொட்டி அடுக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்து, சமையலும் பாக்கி இருக்கிற பெண்ணால் அது தினமும் முடியாது. காகிதம், சாப்பாடு, ஈரம், இந்த மூன்றை மட்டும் வெளியே எடுங்கள். மற்றவை உறையில் இருப்பதால் ஒருவாரம் ஆனாலும் கலையாது.

இப்போது உள்பைக்கு வருவோம். மேலே சொன்னபடி கொஞ்ச நாள் உபயோகித்தபின், எந்த உறை எந்த அளவு என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அப்போது வாங்குங்கள். கைப்பையின் அடி நீளத்தை அளந்து, அதைவிட இரண்டு விரற்கடை குறைவாகப் பாருங்கள். சரியான அளவில் வாங்கினால் ஜிப் மூடாது. கம்பளி அட்டை மாதிரியான துணியில் செய்தது விறைப்பாக நிற்கும், ஆனால் ஈரத்தையும் வாடையையும் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் வானிலைக்கு நைலான் போதும், துவைத்துப் போடலாம். உள்துணி வெளிர்நிறமாக இருக்கட்டும். கறுப்புத் துணிக்குள் கறுப்புப் போனும் கறுப்புப் பர்ஸும் கண்ணுக்குத் தெரியாது.